சொல்லின் வாலில் இருக்கிறது பொருள்
ஆங்கிலப் பெயரடைகளை எளிதிற் கற்கும் முறை

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் ஒரே கூரையின்கீழ் மூன்று மொழிகள் குடியிருக்கின்றன. அடுக்களையில் தமிழ், கடைத்தெருவில் இந்தியோ, வங்காளமோ, மராத்தியோ, பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம். முதல் மொழியைத் தாய் தந்துவிடுகிறாள். இரண்டாவதைத் தெரு தந்துவிடுகிறது. இவ்விரண்டும் காதால் கேட்டே வந்து சேர்வன. மூன்றாவதோ முயன்று படித்தாலன்றி வருவதில்லை.

"பையன் தினமும் இருபது ஆங்கிலச் சொல் நெட்டுருப் போடுகிறான், ஞாயிற்றுக்கிழமை கேட்டால் இரண்டு கூட நினைவில் இல்லை" என்று நம் சங்கத்து அன்பர்கள் வருந்துவதை அடிக்கடி கேட்கிறோம். பையன்மீது குற்றமில்லை. சொற்களைத் தனித்தனியே விழுங்கச் சொல்லும் முறையே பழுதுடையது. ஆங்கிலத்தில் பெருவாரியான பெயரடைகள், அதாவது ஒரு பொருளின் தன்மையைச் சொல்லும் சொற்கள், ஒரு வேர்ச்சொல்லோடு ஒரு வால் ஒட்டிப் பிறந்தவை. அந்த வாலுக்கு விகுதி என்று பெயர். பத்துப் பன்னிரண்டு விகுதிகளை நன்கு அறிந்துகொண்டால், முன்பு காணாத சொல்லையும் பார்த்த மாத்திரத்தில் ஓரளவு பொருள் சொல்லிவிடலாம்.

இது மாணவர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம், மருந்துப் புட்டி, இரயில் பயணச்சீட்டு ஆகிய யாவற்றிலும் இவ்வால்களே பணத்தையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன. ஆதலின் குடும்பத்தார் அனைவரும் படிக்க வேண்டுமென்னும் கருத்துடன் இதனை எழுதுகிறோம்.

தமிழில் இருப்பதே அங்கும் உண்டு

விகுதி என்றதும் அஞ்ச வேண்டுவதில்லை. நாம் நாள்தோறும் செய்துவருவதே அது. 'பயன்' என்னும் பெயரோடு 'உள்ள' என்பதைச் சேர்த்துப் பயனுள்ள என்கிறோம். 'அற்ற' என்பதைச் சேர்த்துப் பயனற்ற என்கிறோம். 'அழகு' என்பதோடு 'ஆன' சேர்ந்தால் அழகான. 'உண்ண' என்பதோடு 'தக்க' சேர்ந்தால் உண்ணத்தக்க. ஆங்கிலேயன் செய்வதும் இதுவேயன்றி வேறில்லை.

இந்தியில் இல்லாமையைக் குறிக்கும் சொற்பகுதி பெரும்பாலும் முன்னால் வருவதை நம் பிள்ளைகள் அறிவார்கள். 'பேகார்', 'பேஷரம்' என்பவற்றில் 'பே' தலையில் நிற்கிறது. நாமோ 'வெட்கமற்ற' என்று பின்னால் வைக்கிறோம். ஆங்கிலமும் 'ஷேம்லெஸ்' என்று நம்மைப் போலவே பின்னால் வைக்கிறது. இந்தியிலும் வால் இல்லாமற் போகவில்லை. 'மஜேதார்', 'சமஜ்தார்' என்பவற்றில் உள்ள 'தார்' உடைமையைக் குறிப்பது. 'அர்த்தஹீன்' என்பதில் உள்ள 'ஹீன்' இன்மையைக் குறிப்பது. இத்தனை மொழிகளின் வால்களைத் தெருவிலேயே கற்றுவிட்ட குழந்தைக்கு ஆங்கில வால்கள் கடினமாக இரா.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தியில் 'அச்சா லட்கா', 'அச்சீ லட்கீ', 'அச்சே லட்கே' என்று பெயரடை ஆண்பால், பெண்பால், பன்மைக்கு ஏற்ப மாறும். நம்மவர் தடுமாறும் இடம் அது. தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடுகள் என்று 'நல்ல' மாறுவதே இல்லை. ஆங்கிலத்திலும் 'குட்' மாறுவதில்லை. பெயருக்கு முன்னே நிற்பதும் நம் வழக்கப்படியே. இவ்வகையில் தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலம் அயல்வீடு அன்று.

உள்ளதும் அற்றதும்

முதலாவதாக 'ஃபுல்', 'லெஸ்' என்னும் இரட்டையரைக் காண்போம். 'யூஸ்' என்றால் பயன். 'யூஸ்ஃபுல்' பயனுள்ள, 'யூஸ்லெஸ்' பயனற்ற. 'கேர்' என்றால் கவனம். 'கேர்ஃபுல்' கவனமுள்ள, 'கேர்லெஸ்' கவனமற்ற. 'ஹார்ம்' என்றால் தீங்கு. 'ஹார்ம்ஃபுல்' தீங்கு பயக்கும், 'ஹார்ம்லெஸ்' தீங்கற்ற. இவ்வாறே 'பெயின்', 'ஹோப்', 'பவர்' முதலியவற்றோடு இரண்டையும் ஒட்டிப் பார்க்கலாம்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறைந்த என்னும் பொருளுள்ள 'ஃபுல்' தனியே நிற்கும்போது அதற்கு இரண்டு 'எல்' உண்டு. வாலாக ஒட்டும்போது ஒரே ஒரு 'எல்'தான். தேர்வுகளில் மதிப்பெண் இழக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. வேர்ச்சொல்லின் ஈற்றில் 'ஒய்' இருப்பின், 'பியூட்டி' என்பது 'பியூட்டிஃபுல்' ஆகும்போது அந்த 'ஒய்', 'ஐ' ஆகிவிடும்.

'லெஸ்' என்னும் வாலைக் குறைவு என்று சிலர் கருதுகிறார்கள். குறைவு என்னும் பொருளுள்ள தனிச்சொல் வேறு, இவ்வால் வேறு. பழைய ஆங்கிலத்தில் நீங்கிய, இல்லாத என்னும் பொருளில் வழங்கிய மற்றொரு சொல்லிலிருந்து வந்தது இது. ஆதலால் 'ஹோம்லெஸ்' என்றால் சிறிய வீடு உடையவன் அல்லன், வீடே இல்லாதவன்.

இவ்விரட்டையர் எப்போதும் எதிரெதிராக நிற்பார்கள் என்றும் நம்பிவிடலாகாது. 'ஷேம்ஃபுல்' என்பது வெட்கப்படத்தக்க செயலையும், 'ஷேம்லெஸ்' என்பது வெட்கமற்ற மனிதனையும் குறிக்கும், இரண்டும் வசவே. 'பிரைஸ்லெஸ்' என்றால் விலையற்ற குப்பை என்பது பொருளன்று. விலை மதிக்க முடியாத பெரும்பொருள் என்பதாகும். ஒன்றுக்கும் உதவாததைச் சொல்ல 'வொர்த்லெஸ்' என்னும் சொல் இருக்கிறது. பரிசு அளித்தவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்போது இவ்விரண்டையும் மாற்றிவிட்டால் நட்பே முறிந்துவிடும்.

'ஏபிள்' என்னும் எழுத்தர்

அலுவலகத் தாள்களில் மிகுதியாக ஆட்சி செய்யும் வால் 'ஏபிள்' என்பது. இதனைத் தமிழில் 'தக்க', 'கூடிய', 'வேண்டிய' என்று இடத்திற்கேற்பக் கொள்ளலாம். 'வாஷபிள்' துவைக்கக்கூடிய, 'ரீடபிள்' படிக்கத்தக்க, 'பேயபிள்' செலுத்த வேண்டிய.

இதற்கு 'இபிள்' என்று ஒரு தம்பி உண்டு. 'விசிபிள்' காணக்கூடிய, 'எடிபிள்' உண்ணத்தக்க, 'லெஜிபிள்' தெளிவாகப் படிக்கத்தக்க, 'எலிஜிபிள்' தகுதியுள்ள. எங்கே அண்ணன், எங்கே தம்பி என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாலை நீக்கியபின் எஞ்சுவது முழு ஆங்கிலச் சொல்லாக இருந்தால் பெரும்பாலும் 'ஏபிள்'. இலத்தீன் துண்டாக எஞ்சினால் பெரும்பாலும் 'இபிள்'. 'வாஷ்' முழுச்சொல், 'விஸ்' துண்டு. 'சென்சிபிள்' போன்ற சில சொற்கள் இவ்விதிக்கு அடங்கா. அவற்றை மனப்பாடம் செய்வதே வழி.

பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் பணி புரியும் நாம் ஒவ்வொரு நாளும் காணும் சொல் 'பெரிஷபிள்' என்பது. 'பெரிஷ்' என்றால் அழிதல், கெடுதல். மீன், பழம், காய்கறி, வெற்றிலை போன்ற விரைவில் கெடக்கூடிய சரக்குகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. ஊரிலிருந்து மாம்பழக் கூடை வருகிறதென்றால், ரசீதில் இச்சொல்லைக் கண்டவுடன் நிலையத்திற்கு விரைய வேண்டும். குறித்த நேரத்திற்குள் எடுக்காத சரக்குக்கு 'வார்ஃபேஜ்' என்னும் கட்டணமும் ஏறும், பழமும் அழுகும்.

அடுத்தது 'ரீஃபண்டபிள்', திருப்பித் தரத்தக்க. முன்னே 'நான்' சேர்ந்தால் திருப்பித் தரப்படாத. நம் நண்பர் ஒருவர் மகளுக்காக ஒரு பயிற்சி நிலையத்தில் பெருந்தொகை கட்டினார். பத்து நாளில் வெளியூருக்கு மாற்றல் வந்தது. பணத்தைக் கேட்கப் போனபோது, ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு சொல்லைச் சுட்டிக் காட்டினார்களாம். மூன்று மாதச் சேமிப்பு அச்சொல்லின் முதல் மூன்று எழுத்துக்களில் போயிற்று. வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுப்போர் 'ரீஃபண்டபிள்' என்னும் சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, அதன் தலையில் 'நான்' இருக்கிறதா என்று இருமுறை பார்த்துக் கையொப்பம் இடுக.

'டிரான்ஸ்ஃபரபிள்' என்பது பிறருக்கு மாற்றத்தக்க என்று பொருள்படும். இரயில் பயணச்சீட்டைப் பொதுவாகப் பிறருக்கு மாற்றித் தரலாகாது. ஆயினும் முன்பதிவு செய்து உறுதியான சீட்டைத் தந்தை, தாய், உடன்பிறந்தார், மகன், மகள், கணவன், மனைவி ஆகியோர்க்கு மாற்ற விதி இடந்தருகிறது. வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறைக்கு மேல் மாற்ற இயலாது. மைத்துனருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் இச்சலுகை இல்லை.

செய்தித்தாள்களில் வரும் 'பெயிலபிள்', 'நான்-பெயிலபிள்' என்பவற்றையும் இங்கே சொல்லிவிடலாம். பின்னதைக் கண்டதும் பிணையே கிடையாது என்று அஞ்சுவோர் பலர். அது தவறான கருத்து. முன்னதில் பிணை பெறுவது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. பின்னதில் உரிமையாகக் கேட்க இயலாது, கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. வால் ஒன்றே சட்டப் பொருளை முழுதும் சொல்லிவிடாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வீட்டுக்குள் வந்தால், மின்கலத்தின் மேல் 'ரீசார்ஜபிள்' என்று இருந்தால்தான் அதற்கு மறுபடி மின்னேற்றலாம். 'நான்' சேர்ந்திருந்தால் ஏற்றலாகாது. ஏற்றினால் கசியவோ வெடிக்கவோ கூடும். 'டிஸ்போசபிள்' என்று எழுதிய ஊசியை ஒருமுறைக்குமேல் பயன்படுத்தலாகாது. இவையெல்லாம் இல்லத்தரசிகளும் அறிந்திருக்க வேண்டிய வால்கள்.

தலையைக் கண்டு ஏமாறற்க

வாலைப் பற்றிப் பேசும்போது தலையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. 'விசிபிள்' காணக்கூடிய, 'இன்விசிபிள்' காணமுடியாத. இங்கே 'இன்' என்பது இல்லை என்னும் பொருளைத் தருகிறது. இதனால் 'இன்' எங்கு வந்தாலும் இல்லை என்றே பொருள் என எண்ணிவிடுகிறோம்.

மாற்றலாகிப் போகும் மகனின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பதிவு செய்ய நம் அலுவலகத்திற்கு ஒரு பெரியவர் வந்தார். அவற்றிடையே வண்ணப்பூச்சில் கலக்கும் 'தின்னர்' நிறைந்த தகரக் குப்பி ஒன்றும் இருந்தது. அதன்மேல் 'இன்ஃப்ளேமபிள்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"இதை ஏற்க இயலாது ஐயா" என்றோம்.

"ஏன் தம்பி? 'ஃப்ளேம்' என்றால் தீச்சுடர். முன்னால் 'இன்' இருக்கிறது. தீப்பிடிக்காது என்று அவனே எழுதியிருக்கிறானே!" என்றார் பெரியவர்.

அவர் படித்தவர், தருக்கமும் பிழையற்றது. சொல்தான் வஞ்சகமானது. 'இன்ஃப்ளேம்' என்பதே தீமூட்டு என்னும் பொருளுள்ள முழுச்சொல். அங்கே 'இன்' என்பது உள்ளே என்னும் பொருளில் இலத்தீனத்திலிருந்து வந்தது. அதனோடு வால் சேர்ந்து, எளிதில் தீப்பற்றக்கூடிய என்னும் பொருளாயிற்று. 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதே பொருள்தான். தீப்பற்றாத பொருளை 'நான்-ஃப்ளேமபிள்' என்பார்கள். இக்குழப்பம் ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும் விட்டபாடில்லை. அதனாலேயே 20ஆம் நூற்றாண்டில் தீத்தடுப்புத் துறையினர் 'இன்' நீக்கிய வடிவத்தையே எழுதுமாறு வற்புறுத்தலாயினர். ஆயினும் நம் நாட்டு டாங்கர் வண்டிகளிலும் தகரக் குப்பிகளிலும் பழைய வடிவம் இன்றும் காணப்படுகிறது.

இவற்றைச் சொன்னதும் பெரியவர் குப்பியை அப்பால் எடுத்து வைத்தார். "நேற்றிரவு இதை அடுப்புக்குப் பக்கத்திலல்லவா வைத்திருந்தோம், தம்பி!" என்று அவர் சொன்னபோது நமக்கு மெய் நடுங்கிற்று.

ஆபத்தான சரக்குகளை விதிக்குப் புறம்பாக இரயிலில் கொண்டு செல்வோர்க்கு 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. நேர்ந்த சேதத்துக்கும் அவரே பொறுப்பாவார். தண்டனை கிடக்கட்டும்; ஓடும் வண்டியில் ஒரு பெட்டி தீப்பற்றினால் எத்தனை குடும்பங்கள் அழியும்! சொல்லில் ஐயம் தோன்றினால் குப்பியின்மேல் சுடர்ப்படம் பொறித்த சிவப்புச் சாய்சதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படம் எம்மொழியாரையும் ஏமாற்றாது.

இதற்கு நேர்மாறாக, 'இன்வேல்யுபிள்' என்பதில் 'இன்' இல்லை என்னும் பொருளையே தருகிறது. ஆனால் மதிப்பில்லாத என்பது அன்று. மதிப்பிட முடியாத அளவு உயர்ந்த என்பதே கருத்து. 'இன்ஃபமஸ்' என்றால் புகழில்லாதவன் அல்லன். பழிக்குப் பெயர் பெற்றவன்.

குணம் காட்டும் சிறு வால்கள்

இனிச் சில வால்களை விரைந்து பார்த்துச் செல்வோம்.

'அஸ்' என்று ஒலிக்கும் வால், ஓ, யூ, எஸ் என்னும் மூன்றெழுத்தால் ஆனது; நிறைந்த, உடைய என்று பொருள்படும். 'டேஞ்சர்' ஆபத்து, 'டேஞ்சரஸ்' ஆபத்தான. 'பாய்சன்' நஞ்சு, 'பாய்சனஸ்' நஞ்சுள்ள. 'ஃபேம்' புகழ், 'ஃபேமஸ்' புகழ்வாய்ந்த.

'ஒய்' என்னும் ஒற்றை எழுத்து வால், வீட்டிலும் வெளியிலும் கண்ணுக்குத் தெரியும் தன்மைகளுக்கு உரியது. 'ரெய்ன்' மழை, 'ரெய்னி' மழைக்கால. 'டஸ்ட்' தூசி, 'டஸ்டி' தூசி படிந்த. 'ஆயில்' எண்ணெய், 'ஆயிலி' எண்ணெய்ப்பசையுள்ள. குழந்தைகளுக்கு முதலில் கற்பிக்க ஏற்றது இதுவே.

'இஷ்' என்னும் வாலுக்கு மூன்று தொழில். 'இங்கிலிஷ்', 'டர்க்கிஷ்' என்று நாட்டினத்தைக் குறிக்கும். 'ரெட்டிஷ்' என்று சற்றே சிவந்த என்னும் பொருள் தரும். மனிதரோடு சேர்ந்தால் பெரும்பாலும் இகழ்ச்சி. 'சைல்டிஷ்' என்பதற்கு நம் 'குழந்தைத்தனமான' என்பது அச்சுப் போல் பொருந்தும்; 'ஃபூலிஷ்' என்பதற்கு 'முட்டாள்தனமான'. குழந்தையின் கள்ளமற்ற உள்ளத்தைப் புகழ வேண்டுமாயின் 'சைல்ட்லைக்' என்று சொல்ல வேண்டும்.

'ஃப்ரீ' என்பதும் இந்நாளில் வாலாகவே பயில்கிறது. 'ஷுகர்-ஃப்ரீ' என்ற பெட்டியைக் கண்டு சர்க்கரை இலவசம் என்று மகிழ்ந்தவர் உண்டு. சர்க்கரை நீங்கிய என்பதே பொருள். வேண்டாதது நீங்கியிருக்கும்போது இவ்வாலை இடுவது வழக்கம். வரி நீங்கியது 'டாக்ஸ்-ஃப்ரீ', வட்டி நீங்கியது 'இன்ட்ரஸ்ட்-ஃப்ரீ'.

ஒரே வேர், வெவ்வேறு வால்

ஒரே வேரில் வெவ்வேறு வால் ஒட்டும்போது பொருள் வெவ்வேறு திசையில் ஓடிவிடும். விண்ணப்பம் எழுதுவோர் இப்பகுதியைக் கூர்ந்து படிக்க.

'ரெஸ்பெக்ட்' என்றால் மதிப்பு. 'ரெஸ்பெக்ட்ஃபுல்' பிறரை மதிக்கும். 'ரெஸ்பெக்டபிள்' பிறரால் மதிக்கத்தக்க. 'ரெஸ்பெக்டிவ்' அவரவர்க்கு உரிய. மாணவர் ஆசிரியரிடம் 'ரெஸ்பெக்ட்ஃபுல்' ஆக இருப்பர். ஆசிரியர் ஊரில் 'ரெஸ்பெக்டபிள்' ஆக விளங்குவர். மணி அடித்ததும் யாவரும் தத்தம் 'ரெஸ்பெக்டிவ்' வகுப்புகளுக்குச் செல்வர். நம் நாட்டு விடுப்பு விண்ணப்பங்களில் 'ரெஸ்பெக்டெட் சார்' என்று தொடங்குவது மரபாகிவிட்டது. அதனை 'ரெஸ்பெக்டபிள் சார்' என்று எழுதிவிடாமற் காத்துக்கொள்க.

'சென்சிபிள்' என்றால் அறிவுக்குப் பொருந்த நடப்பவர். 'சென்சிடிவ்' என்றால் எளிதில் உள்ளம் நோகிறவர். 'எகனாமிக்' என்றால் பொருளாதாரம் பற்றிய. 'எகனாமிகல்' என்றால் சிக்கனமான. 'ஹிஸ்டாரிகல்' வரலாறு சார்ந்த எதுவும். 'ஹிஸ்டாரிக்' வரலாற்றில் இடம்பெறத்தக்க சிறப்புடையது. 'கன்சிடரபிள்' என்றால் கணிசமான. 'கன்சிடரேட்' என்றால் பிறர் நலம் கருதும். மேலதிகாரியைப் புகழ எண்ணி அவரைக் 'கன்சிடரபிள்' என்று எழுதினால், அவருடைய பருமனைக் குறித்ததாக எண்ணிக்கொள்ளவும் கூடும்.

ஊட்டுவதும் உற்றதும்

'இங்', 'எட்' என்னும் இரு வால்களில் தவறாதவர் அரியர். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், இப்பதவியில் எனக்கு ஆர்வமுண்டு என்று சொல்லக் கருதி 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்' என்று எழுதிவிடுகிறார். நான் சுவையான ஆசாமி என்று அது பொருள்படும். வகுப்பில் அலுப்புத் தட்டிய சிறுவன் 'ஐ ஆம் போரிங்' என்கிறான். நான் பிறரை அறுக்கிறவன் என்று அவனே ஒப்புக்கொண்டதாகிறது.

இதற்குத் தமிழிலேயே அழகிய சாவி இருக்கிறது. 'ஊட்டும்' என்று சொல்லத் தகுமிடத்தில் 'இங்'. 'உற்ற' என்று சொல்லத் தகுமிடத்தில் 'எட்'. களைப்பூட்டும் பயணம் 'டயரிங்'. களைப்புற்ற பயணி 'டயர்ட்'. வியப்பூட்டும் செய்தி 'சர்ப்ரைசிங்'. வியப்புற்ற தாய் 'சர்ப்ரைஸ்ட்'. சலிப்பூட்டும் பேச்சு 'போரிங்'. சலிப்புற்ற அவை 'போர்ட்'. இச்சாவியை ஒருமுறை கைக்கொண்ட பிள்ளை பின்னர்த் தவறுவதில்லை.

தமிழர்க்கே உரிய ஓர் இடறல்

தமிழ் நமக்கு இத்தனை வழிகளில் துணை செய்தாலும், ஓரிடத்தில் மட்டும் இடறச் செய்கிறது. 'அழகான வீடு' என்கிறோம். அதனையே வாக்கியமாக்கும்போது 'வீடு அழகாக இருக்கிறது' என்கிறோம். 'ஆன' என்பது 'ஆக' என்று மாறிவிட்டது. 'அழகாகப் பாடினாள்' என்பதிலும் அதே 'ஆக' வருகிறது. நம் பிள்ளை 'ஆக' என்றால் 'லி' என்று கற்றுக்கொண்டு, 'தி ஹவுஸ் இஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதிவிடுகிறான். இங்கு ஆங்கிலம் நம்மோடு ஒத்துவராது. வீடு 'பியூட்டிஃபுல்' ஆகவே இருக்கும், பாடுவதுதான் 'பியூட்டிஃபுல்லி'. இருத்தல், தோன்றுதல், மணத்தல், சுவைத்தல் ஆகிய வினைகள் பொருளின் தன்மையைச் சொல்லும்போது பெயரடையே வரவேண்டும்.

'லி' என்னும் வால் எங்கும் வினையடையையே தரும் என்பதும் சரியன்று. 'ஃப்ரெண்ட்லி' நட்புள்ள, 'காஸ்ட்லி' விலை மிகுந்த, 'பிரதர்லி' உடன்பிறந்தார்க்குரிய ஆகியவை பெயரடைகளே. பெயரோடு 'லி' ஒட்டினால் பெரும்பாலும் பெயரடை. பெயரடையோடு ஒட்டினால் வினையடை. இதனை நினைவிற் கொண்டால் போதும்.

வீட்டிற் கற்கும் முறை

தனி ஆசிரியர் அமர்த்தப் பொருள் வசதி எல்லார்க்கும் இல்லை. அலைபேசியில் அகராதி இருப்பினும், தேடிப் பார்த்த சொல் அன்றே மறந்துபோகிறது. செலவில்லாத முறை ஒன்றைச் சொல்கிறோம்.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வாலை எழுதுக. அதன்கீழ் அதற்கு நேரான தமிழ் வாலை எழுதுக: 'ஃபுல்' உள்ள, 'லெஸ்' அற்ற, 'ஏபிள்' தக்க, 'இங்' ஊட்டும், 'எட்' உற்ற. பின்னர் வீட்டுக்கு வரும் பொட்டலங்கள், மருந்துச் சீட்டுகள், பயணச்சீட்டுகள், பள்ளி அறிக்கைகள் இவற்றில் காணும் சொற்களை அந்தந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வருக. நாளொன்றுக்கு மூன்று சொல் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டைப் பற்றிய ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தகப்பனார் பணியிடத்திலிருந்து ஒரு சொல் கொண்டுவரலாம்; தாயார் அடுக்களையிலிருந்து ஒன்று தரலாம்.

பொருளைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்பதை வற்புறுத்துகிறோம். இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளிற் பலர்க்குத் தமிழ் பேசத் தெரிகிறது, எழுத வரவில்லை. 'பயனுள்ள', 'தீங்கற்ற', 'மதிக்கத்தக்க' என்று நாள்தோறும் மூன்று சொல் எழுதினால், ஆங்கிலம் கற்கும் சாக்கில் தமிழ் எழுத்தும் கைவந்துவிடும். ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் இரு மொழியிலும் சேர்ந்திருக்கும்.

பயிற்சி

கீழ்க்காணும் ஐந்துக்கும் உரிய ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் விடையைப் பாராமல் கூறுக.

1. களைப்பூட்டும் வேலை.
2. எளிதில் கெடக்கூடிய சரக்கு.
3. எண்ணற்ற விண்மீன்கள், எண்ணுதல் என்பதற்கு ஆங்கிலம் 'கவுண்ட்'.
4. சிக்கனமான குடும்பம்.
5. திருப்பித் தரப்படாத கட்டணம்.

விடைகள்: 1. டயரிங். 2. பெரிஷபிள். 3. கவுண்ட்லெஸ். 4. எகனாமிகல். 5. நான்-ரீஃபண்டபிள்.

ஐந்தும் சரியாகச் சொன்ன பிள்ளை, இன்றே வீட்டிலுள்ள மருந்துப் புட்டிகளையும் தகரக் குப்பிகளையும் எடுத்து, அவற்றின்மேல் உள்ள வால்களைப் பெற்றோர்க்குப் படித்துப் பொருள் சொல்லட்டும். அடுப்பருகே வைக்கத் தகாதது ஏதேனும் அகப்பட்டால் உடனே அப்புறப்படுத்துக.